பைக்கார அக்கா

செல்போனை வாங்கி அணைத்து, பையின் அடியில் திணித்து, பைக்கு ஒரு எண் தகடும் ஆளுக்கு ஒரு எண் தகடும் கொடுத்துவிட்டு, "திருதிருன்னு முழிக்காதே ராசா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று அனுப்பிவைக்கிறார் பைக்கார அக்கா. விசா அலுவலகத்துக்குள் பையும் போனும் போகக் கூடாது. எதிர்ச் சுவரோரம் ஒரு மேசை, துருப்பிடித்த அலமாரி, பெரிய குடை. அவ்வளவுதான் அவர் கடை.

அந்த அலமாரி பார்க்காத பொருள் இல்லை. ஒரு முறை யாரோ கூண்டோடு கிளியை விட்டுப் போனதாகவும், சாயங்காலத்துக்குள் அது "மறுபடி விண்ணப்பிக்கவும்" என்று பேசக் கற்றுக்கொண்டதாகவும் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தரும் நான் கூண்டை மட்டும் நம்பினேன்.

வெளியே வருபவரின் நடையிலேயே அவருக்கு முடிவு தெரிந்துவிடும். விசா கிடைத்தவருக்குப் போனை உயிர்ப்பித்துக் கையில் கொடுப்பார். கிடைக்காதவருக்கு அணைத்தபடியே. "போட்ட மறுநிமிஷம் வீட்லேருந்து 'என்னாச்சு, என்னாச்சு'ன்னு பிடுங்குவாங்க. தெருமுனை வரைக்குமாவது பிள்ளை மூச்சு விடட்டும்."

அன்று உள்ளே போயிருந்தது அவருடைய மகள். இரண்டாம் முறை. படித்து முடித்துத் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை இல்லை என்று முதல் முறை திருப்பிவிட்டார்கள். அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு அடுத்த வாரம் தொடங்குகிறது. இன்றைக்கு இல்லையென்றால் இடம் போய்விடும். மகளுக்கும் தகடு கொடுத்துத்தான் அனுப்பினார்.

காவலாளி வாயெல்லாம் பல்லாக வந்தார். "அக்கா, சேதி தெரியுமா? அடுத்த மாசத்திலேருந்து படிக்கப் போற பிள்ளைங்க இங்க நேர்ல வரவே வேண்டாமாம். கெடுபிடியெல்லாம் தளர்த்திட்டாங்க. உங்க பொழப்புல மண்ணு!"

"விழட்டும் தம்பி. அந்த மண்ணு ஒரு மாசம் முந்தி விழுந்திருக்கக் கூடாதா?"

காவலாளியின் பற்கள் உள்ளே போயின.

கதவு திறந்தது. மகள் வலமும் இடமும் பார்க்காமல் சாலையைக் கடந்து வந்தாள். மற்றவர்களைப் போலவே தகட்டை நீட்டினாள். அக்கா எண்ணைச் சரிபார்த்தார். பையிலிருந்து போனை எடுத்தார். கட்டைவிரல் பொத்தானின் மேல் சற்று நின்றது. பிறகு அணைத்தபடியே மகள் கையில் வைத்தார்.

அப்போது மேசைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. வீட்டுக்காரர். அக்கா அதையும் எடுத்து அணைத்தார்.