ஆரோக்கியத்தின் இரண்டாவது தக்காளிச் செடி

ப்ளஸ் டூ தோழர்களே, இன்று தாவரவியல் லேபில் நடந்ததைப் பலகையில் ஒட்டுகிறேன். சார் கிழிப்பதற்குள் படித்துவிடுங்கள்.

பேரிலும் பயிரிலும் ஆரோக்கியம் உள்ள நம் ஆரோக்கியம், உறையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இரண்டு தக்காளிச் செடிகளை மடியில் வைத்துக் கொண்டுவந்தான். முந்தாநாள் ஒன்றின் அடி இலையை நசுக்கினான். அடிபட்ட இலை தண்டு வழியே தகவல் அனுப்பும். மேல் இலைகள் புழுவுக்குச் செரிக்காத சரக்கைத் தயாரித்துக்கொள்ளும். மற்றொரு செடியை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடாமல் விட்டான்.

அவன் சாப்பிடப் போனதும் விளையாட்டாக அதிலும் ஓர் இலையை நான் நசுக்கினேன். சாயங்காலம் பயம் வந்து, அந்த இலையையே கிள்ளி எறிந்தேன்.

நேற்று புழுக்களை விட்டான். இன்று பார்த்தால் இரண்டு செடியிலும் உண்ணாவிரதம்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கே. நீ எதுவுமே செய்யலப்பா. ரெக்கார்டுல கையெழுத்து கிடையாது" என்றார் சார்.

கையெழுத்து இல்லாமல் பிராக்டிகல் பரீட்சை எழுத முடியாது.

"ரெண்டாவதை நான் நசுக்கிட்டேன் சார்" என்றேன்.

"எந்த இலை?"

"சாயங்காலமே கிள்ளிப் போட்டுட்டேன் சார்."

"அதுக்குள்ள அது மேல சொல்லியாச்சுடா." சார் ஆரோக்கியத்திடம் திரும்பினார். "நடந்ததை அப்படியே எழுதிக் கொண்டா. போடறேன்."

எழுதினான். போட்டார்.

ரெக்கார்டில் 'தாக்கிய பூச்சியின் பெயர்' என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. சார் அதற்கும் டிக் அடித்திருக்கிறார். ஆட்சேபம் உள்ளவர்கள் கீழே எழுதலாம். பென்சிலை நூலில் கட்டியிருக்கிறேன்.