குறடு, துணி, ஊறுகாய் பாட்டில்

மோட்டார் சைக்கிள் ரிப்பேரில் பாதி வேலை காதுக்கு. என் கணவருக்கோ காது கேட்காது.

கப்பல் எஞ்சின் அறையில் பத்து வருடம் நின்றதில் போன காது அது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அறுபதுகளில், தீவுத் துறைமுகமான ஹேடோவில் தகரக் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் தொடங்கினோம். காது கேளாத மிஸ்திரியிடம் யார் வண்டியை விடுவார்கள்? விஷயம் வெளியே தெரிந்தால் மெயின்லேண்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். தெரியவே கூடாது என்று முடிவு செய்தவள் நான்.

கல்லூரியில் தமிழ் படித்தவள். வெண்பாவில் தளை தட்டினால் முகம் சுளிக்கிற காது எனக்கு. அதை எஞ்சினுக்குக் கொடுத்தேன். பெட்ரோல் போதாத எஞ்சின் அடியின் நடுவிலேயே மூச்சு வாங்கும். பெட்ரோல் அதிகமானால், வாய் நிறையச் சோற்றோடு பேசுகிற பிள்ளைபோலக் குழறும். போதாவிட்டால் அவர் கையில் குறட்டைக் கொடுப்பேன். மிஞ்சினால் கந்தல் துணி. பார்க்கிறவர்களுக்கு நான் சாமான் எடுத்துக் கொடுக்கிற மனைவி, அவ்வளவுதான். பழைய வண்டியை நடுவழியில் உதைத்து உதைத்துக் கால் வீங்கியவர்களே, உங்களிடம் சொன்னால்தான் இதெல்லாம் புரியும்.

மூடி விட்ட பெருமூச்சு

ரோடு வேலை ஓவர்சியர் சிவராமனின் வண்டி இரண்டு மைல் ஓடும், நிற்கும். பத்து நிமிடம் ஆறப்போட்டால் மறுபடி இரண்டு மைல். கொட்டகையில் நிறுத்தி முடுக்கினால் ஒரு குறையும் இல்லை. ஓட்டித்தான் பார்க்க வேண்டும், ஓட்டுகிறவருக்கோ கேட்காது. நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். நட்டநடுப் பகலில், கிரீஸ் கையோடு ஒருவர், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருத்தி. துறைமுகத்துக் கூலியாட்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

மேட்டில் வண்டி நின்றது. டாங்க் மூடியை அவர் திருகியதும், உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. அவருக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். காற்று போக அதில் ஒரு சின்னத் துளை இருக்க வேண்டும், அங்கே மெழுகு. எட்டு மாத மழைக்குப் பயந்து, சொட்டுத் தண்ணீர் இறங்கக் கூடாது என்று சிவராமன் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றியிருந்தார். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்? குண்டூசியால் குத்தினேன்; வேலை முடிந்தது. திரும்பி வந்தபோது சிவராமன் எங்கள் முன்னால் வந்து நின்று கேட்டார்: "இது ரிப்பேரா, ஹனிமூனா அக்கா?"

மேலே ஒன்று, கீழே ஒன்று

கப்பல் தாமதமாகும் மாதங்களில் பெட்ரோலுக்குத் தவிப்பு. மளிகைக்கடை பிஸ்வாஸ் பாபு முன்யோசனைக்காரர். ஒரு பீப்பாய் வாங்கி முற்றத்து மழையில் நிமிர்த்தி வைத்திருந்தார். அதிலிருந்து ஊற்றிய நாள்முதல் வண்டிக்கு இருமல். அது மூச்சு வாங்கவும் இல்லை, குழறவும் இல்லை. சீர் சீராகத் தும்மியது. குறடா துணியா என்று குழம்பி, கடைசியில் காலி ஊறுகாய் பாட்டிலை நீட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏட்டி, பசிக்குதா?" என்றார். பிறகு புரிந்துகொண்டு, டாங்கின் அடியிலிருந்து பாட்டிலில் பிடித்தார்.

சற்று நேரத்தில் பாட்டிலுக்குள் கோடு கிழித்ததுபோல் இரண்டாகப் பிரிந்தது. கீழே பாதிக்கு, பீப்பாய் மூடி வழியே கசிந்த மழைத் தண்ணீர். பிஸ்வாஸ் பாபு வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, மிஸ்திரியின் முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்து, தன் இந்தி கலந்த தமிழில் பங்கு பிரித்தார்: "மேலே பெட்ரோல் மேரா, கீழே பானி தும்ஹாரா!" பெட்ரோல் அவருக்காம், தண்ணீர் எங்களுக்காம்.

எனக்குக் காய்ச்சல் வந்த நாள்

ஓர் அலுவலகம் தன்னுடைய நான்கு வண்டிகளையும் ஒரே மிஸ்திரியிடம் விடப்போவதாகப் பேச்சு வந்தது. அது கிடைத்தால் தீவிலேயே காலூன்றிவிடலாம். சோதித்துப் பார்க்க அதிகாரி வந்த அன்று எனக்கு மலேரியா. கொட்டகைக்குப் பின்னால் இருந்த அறையில், இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தேன்.

பலகை இடுக்கு வழியாகத் தெரிந்தது. வண்டியை முடுக்கினார்கள். குழறல், பெட்ரோல் வாடை என் கட்டில்வரை வந்தது. துணி, துணி என்று மனம் அடித்துக்கொண்டது. எழுந்தால் கால் நிற்கவில்லை. அவர் கை, பழக்கத்தில், பின்னால் நீண்டு காத்திருந்தது.

"என்ன கோளாறு?" என்று அதிகாரி அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டார். பதில் இல்லை. "உம்மைத்தான் கேட்கிறேன்!" அப்போதும் இல்லை. முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சார், முன்னால வந்து கேளுங்க. முகம் பார்த்துப் பேசறதுதான் இங்க வழக்கம்" என்று, வண்டி விட வந்திருந்த சிவராமனின் குரல் கேட்டது. கண்ணைத் திறந்தேன். மூலையில் கிடந்த கந்தல் துணியை எடுத்து, என் கணவர் நீட்டியிருந்த கையில் வைத்துக்கொண்டிருந்தார் சிவராமன்.

அப்புறம் என்ன! என் கணவர் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவையை எடுத்துக் குலுக்கினார். உள்ளே பெட்ரோல் அலம்புவது விரலுக்கே தெரிந்திருக்கிறது. அதிலிருந்த ஊசித்துளைக்கு ஈயம் வைத்து அடைத்தார். வண்டி தளை தட்டாமல் வெண்பா ஓதியது. நான்கு வண்டிகளும் எங்களுக்கு வந்தன.

மாலையில் சிவராமன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "எத்தனை நாளாகத் தெரியும்?" என்றேன். சிரித்தார். "ஹேடோவுக்கே தெரியும் அக்கா. பெட்ரோல் மிஞ்சினா துணின்னுகூடத் தெரியும். நீங்க அவ்வளவு பாடுபட்டு மறைச்சீங்களா, உங்க மனசு கஷ்டப்படுமேன்னு நாங்களும் மறைச்சோம்."

இப்போது என் கணவர் இல்லை, என் காதும் மந்தமாகிவிட்டது. முன்னால் வந்து நின்று பேசுகிறவர்களைக் கண்டால், நீங்கள் ஹேடோவா என்று கேட்டுவிடுகிறேன்.