இடது கையால் தந்த டீ

குன்னூருக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, பேக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்த நேரம். இலை வாட்டும் பகுதியில் சூப்பர்வைசராக இருந்த எனக்கும் வேலை போய்விட்டது. என் மனைவி அடுத்தவர் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனாள். கையால் கொழுந்து கிள்ளினால் கட்டுப்படியாகாது என்று தோட்டக்காரர்கள் பை மாட்டிய கத்தரியைக் கொடுத்திருந்தார்கள். நாளெல்லாம் அதைப் பிடித்து வெட்டி வெட்டி அவளுக்கு வலது தோள் வலிக்க ஆரம்பித்தது.

வேலையில்லாத ஆண்பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. பழைய சிநேகிதர் ஒருவர் என்னை, உடம்பில் கை வைத்தே வலியைப் போக்கும் ரெய்கி வகுப்புக்கு இழுத்துப் போனார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா நடத்தினார். சக்தி நம்முடையதல்ல, நம் கை வழியாகப் போகிறது, அவ்வளவுதான் என்றார். தீட்சைக்கு எங்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடிக் கைகூப்பச் சொன்னார். பின்னால் வந்து உச்சந்தலையில் கை வைத்தார். பிறகு முன்னால் வந்து உள்ளங்கையைப் பிடித்து ஊதினார். என் கை இரண்டும் அடுப்பில் காட்டியது போல் சூடாகிவிட்டன. அழுதேவிட்டேன். பேக்டரி மூடியதிலிருந்து எனக்கென்று யாரும் எதையும் கொடுத்ததில்லை.

அன்று சாயங்காலமே மனைவியை ஸ்டூலில் உட்காரவைத்துத் தோளில் கை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, வலி போய்விட்டது என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டேன். கழுத்து வலி, மூட்டு வலி என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வெறும் கையால் முழம் போடுகிறார் என்று கேலி பேசிய மச்சினனே ஒருநாள் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

ரெய்கியைச் சும்மா கொடுக்கக் கூடாது, பெறுகிறவர் பதிலுக்கு ஏதாவது தரவேண்டும் என்பது வகுப்பில் சொன்ன விதி. மனைவியைக்கூட நான் விடவில்லை. வலி திரும்பி வராமலிருக்க தினமும் அவள் தோளில் கை வைப்பேன். முடித்ததும் அவள் ஒரு டம்ளர் டீ போட்டுத் தருவாள், அதுதான் காணிக்கை. ஒருநாள் இடது கையால் நீட்டினாள். காணிக்கையை யாராவது இடது கையால் கொடுப்பார்களா என்று சத்தம் போட்டேன். அவள் டம்ளரை வலது கைக்கு மாற்றி, அந்த முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக் கொடுத்தாள். அடேயப்பா, எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டு வாங்கிக் குடித்தேன்.

சில மாதங்கள் போயிருக்கும். ஒரு கல்யாணத்துக்காக ஊட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். வளைவில் பஸ் சடாரென்று திரும்ப, எல்லோரும் மேல்கம்பியை எட்டிப் பிடித்தார்கள். இடது கையில் பை வைத்திருந்த என் மனைவி வலது கையைத் தூக்கவே இல்லை. அப்படியே சரிந்து விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். அவள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. இது இன்றைக்கு விழுந்ததால் வந்ததில்லை, உள்ளே தசைநார் கிழிந்து ரொம்ப நாளாகிவிட்டது, அப்போதே கூட்டி வந்திருந்தால் சரிபண்ணியிருக்கலாமே என்றார்.

வெளியே வந்ததும், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"வலி போயிருச்சுன்னு மொத நாள் சொன்னப்ப உங்க மொகத்தைப் பார்த்தனுங்க," என்றாள். "பேக்டரி மூடுனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சீங்க. அதைய எப்படிங்க கெடுக்கறது?"

ரெய்கி பலிக்குமா பலிக்காதா என்று வாதாட நான் வரவில்லை. வைத்தியத்தை நிறுத்து என்று அந்த அம்மா எங்களுக்குச் சொல்லித்தரவும் இல்லை. கை சூடாகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்த நான், ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

அவள் வலது கை இன்றுவரை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தினமும் காலையில் நான்தான் அவளுக்குத் தலைசீவிப் பின்னிவிடுகிறேன். பின்னி முடித்ததும் எழுந்துபோய் டீ போட்டு, இடது கையால் தருகிறாள். பெறுகிறவர் பதிலுக்கு ஏதாவது தரவேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், அவளிடம் பெற்றதற்கு இன்னும் ஒன்றும் தரவில்லையே என்று அந்த டம்ளரை வாங்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.