போதும் டீச்சரின் ஏறுகோடு

மடிக்கணினியைப் புரொஜெக்டரோடு இணைத்ததும் சுவரில் வந்து விழுந்தது அவள் காட்ட நினைத்ததல்ல, வேறொரு படம். மேலே ஏறிக்கொண்டே போகும் நீலக் கோடு. தலைப்பு கொட்டை எழுத்தில்: ‘ஆய்வு மையம், ஐந்தாண்டு விரிவாக்கத் திட்டம். மூன்று பேரிலிருந்து பன்னிரண்டு பேர்.’

பேராசிரியை பதறிப்போய் விசைகளைத் தட்டினாள். படம் அசைவதாக இல்லை.

அது பழுது பார்க்கும் கடையின் பின்னறை. மின்விசிறி, மிக்ஸி, வாஷிங் மெஷின் எது வந்தாலும் சரிசெய்து தருவார்கள். முதலாளி கிடையாது. சம்பளமும் வாடகையும் போக மிஞ்சுவது யார் பைக்கும் போகாமல் மருத்துவமனையின் உடைந்த சக்கர நாற்காலிகளைச் சரிசெய்யப் போகும். லாபம் தேடாத தொழில், வளராமலே வாழும் பொருளாதாரம் என்று அவள் எழுதியதற்கெல்லாம் இந்தக் கடைதான் சாட்சி. போன வருஷம் கிளை திறக்கும் பேச்சு எழுந்தபோது, இவ்வளவு போதும் என்று மூச்சுவிடாமல் பேசித் தடுத்தவளும் அவள்தான். அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் ‘போதும் டீச்சர்’. இன்றும் அதையே சொல்லத்தான் வந்திருந்தாள். அவள் பேசி முடித்ததும் கிளை வேண்டுமா என்று மறுபடி வாக்கெடுப்பு.

கிளை வந்தால் அதை நடத்தப்போகிறவள் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவள். அவள் வீடு நகரத்தின் மறுகோடியில்; கிளை வரப்போவதும் அந்தப் பக்கம்தான். இப்போது பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை தூங்கிவிடும்.

அவள் சுவரை நிதானமாகப் படித்தாள்.

“இது எந்தக் கடை திட்டம், டீச்சர்?”

“அது... காலேஜுக்கு. வளர்ச்சி காட்டினாத்தான் பணம் தருவாங்க.”

“அப்ப போதும்கிறது எங்களுக்கு மட்டும்தானா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பொறுப்பாளர் பெரியவர் தொண்டையைச் செருமினார். “விடும்மா. டீச்சருக்கும் பொழப்புன்னு ஒண்ணு இருக்குல்ல.”

அவர் பரிந்து பேசியதுதான் அதிகம் சுட்டது. ‘விரிவாக்கம் வேண்டாமென்று தொழிலாளர்கள் தாமாகவே முடிவெடுத்தனர்’ என்று போன வருஷக் கட்டுரையில் எழுதியது நினைவுக்கு வந்தது. தாமாகவே. எவ்வளவு கூசாமல் எழுதியிருக்கிறாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் ஒயரைப் பிடுங்கினாள். சுவர் வெறுமையானது.

“நான் இன்னிக்குப் பேசல. நீங்களே முடிவு பண்ணுங்க.”

“அதைத்தான் பண்ணப்போறோம். உக்காருங்க டீச்சர், காபி வருது,” என்றாள் காயில் கட்டுகிறவள். குரலில் கோபம் இல்லை.

கைகள் உயர்ந்தன. ஆலோசகர் என்ற முறையில் பேராசிரியைக்கும் ஒரு வாக்கு உண்டு. தூக்குவதா வேண்டாமா என்று அவள் தவித்து முடிப்பதற்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். கிளை திறப்பதென்று முடிவானது.

மறுநாள் காலை கல்லூரிக்குப் போய் விரிவாக்கத் திட்டத்துக்கான நிதி விண்ணப்பத்தை அனுப்பினாள். எதையும் மாற்றவில்லை. இரண்டு வகுப்புகள் எடுத்தாள். மாலையில், முன்பே பேசிவைத்திருந்த நேர்காணலுக்காகக் கடைக்குப் போனாள். பூட்டியிருந்தது. எல்லோரும் கிளைக்கு இடம் பார்க்கப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். சற்று நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள்.