மஞ்சள் கயிறோடு வந்த குருவி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, சகுனம் எதையும் நம்புகிற ஆள் நான் கிடையாது. திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன், சாமியே நேரில் வந்து நின்றாலும் அப்படித்தான். நீங்கள் சிரிக்கிறீர்களே, இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

என் மனைவி கலைச்செல்வி நர்ஸ். ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, கடலுக்கு நடுவில் ஒரு சின்னத் தீவில், முதியோர் இல்லத்தில் வேலை. மரமே இல்லாத ஊர், எப்போது பார்த்தாலும் காற்று. ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுவாள் என்றுதான் அனுப்பினேன். முடிகிற நேரத்தில் ஆள் இல்லை என்று நீட்டிப்பார்கள், இவளும் அந்தக் கிழடுகளை விட்டுவர மனசில்லாமல் தலையை ஆட்டிவிடுவாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் தலையணையை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ஆடிப்பெருக்கு அன்று பெண்கள் தாலிக்கயிறு மாற்றுவார்கள் அல்லவா? கழற்றிய பழைய கயிறு யார் காலிலும் படக்கூடாது. அதனால் சிதம்பரத்தில் கலை பிறந்த வீட்டில், கொல்லைக் கிணற்றோரம் நிற்கும் நந்தியாவட்டைச் செடியில் அதைக் கட்டிவிடுவார்கள். அவள் புறப்படும்போது, அங்கே இதெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது என்று ஒரு கட்டு மஞ்சள் கயிறு வாங்கினேன். முனை பிரிந்துவிடக்கூடாதே என்று ஒவ்வொரு கயிற்றின் இரண்டு முனையையும் காயிலுக்கு அடிக்கிற வார்னிஷில் முக்கி, கடையிலேயே காயப்போட்டுக் கொடுத்தேன்.

"மோட்டாருக்கு அடிக்கிறத தாலிக்கயித்துல அடிச்ச ஒரே ஆளு நீங்கதாங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

முந்தின வருஷம் கட்டிய என் வார்னிஷ் கயிற்றைக் கழற்றி, போன வருஷம் ஆடியில் அங்கேயே வேறு கயிறு மாற்றினாள். நந்தியாவட்டைக்கு எங்கே போவாள், இல்லத்துக்குப் பின்னால் இருந்த முள்ரோஜாப் புதரில் பழையதைக் கட்டிவைத்தாள். அதன் பிறகு புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தாள்.

"ஏங்க, நம்மூருக்கு வர வேண்டிய குருவி ஒன்னு வழி தப்பி இங்க வந்துடுச்சுங்க."

நாணல் கதிர்க்குருவி என்று பெயராம். வெயில் காலத்தில் ரஷ்யா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி வாக்கில் நம் பக்கம் வந்து பங்குனி வரைக்கும் இருக்குமாம். வேலிக்குள் ஒளிந்துகொண்டு டக் டக் என்று சத்தம் போடும் அந்த மண் நிறக் குருவியை நாம் யார் திரும்பிப் பார்த்தோம்? அங்கே அது அபூர்வம். திசை தப்பி, காற்றும் தள்ளி, இந்தச் சில வாரங்களில் மட்டும் எப்போதாவது ஒன்று அந்தத் தீவில் வந்து இறங்குமாம், அதைப் பார்க்கக் கப்பல் ஏறி பைனாகுலரோடு ஆட்கள் வந்துவிட்டார்களாம்.

போட்டோ அனுப்பினாள். குருவியின் காலில் மஞ்சளாக ஏதோ சிக்கியிருந்தது. அவள் கயிறு கட்டிய புதரில்தான் அது அடைந்திருந்தது.

"இப்புடி தப்பி வந்தது ஊரு போய்ச் சேராதாமேங்க. கடலுக்குள்ளயே பறந்து பறந்து செத்துடுமாம்" என்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அடிப் பைத்தியமே, ஒரு குருவிக்கா அழுவுற?"

"குருவிக்கும்தான்" என்றாள்.

அப்போது நான் சிதம்பரத்தில் மாமியார் வீட்டில் இருந்தேன், மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமைப் படையல். விடிந்ததும் நானும் கலையின் தம்பி செந்திலும் குளிக்கக் கிணற்றடிக்குப் போனோம். டக் டக் என்று சத்தம். நந்தியாவட்டையில் அந்தக் குருவி. காலில் மஞ்சள் நூல்.

"மாமா, ராத்திரி அக்கா அனுப்புன போட்டோவுல இருக்கறது மாதிரியே இல்ல?"

"வாய மூடு மச்சான்" என்றேன், ஆனால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு உற்றுப் பார்த்தேன். குருவி காலை உதறி உதறி அலகால் இழுத்தது, நூல் கிளையில் தங்கிவிட்டது, அது பறந்து பக்கத்து வேலிக்குள் போய்விட்டது. நூலை எடுத்துப் பார்த்தேன். விரல் நீளம்தான் இருக்கும், வெளுத்துப் போயிருந்தது. அதன் முனையில், நம்பினால் நம்புங்கள், என் கடை வார்னிஷ்.

வார்னிஷில் முக்கிய தாலிக்கயிறு இந்த ஜில்லாவிலேயே வேறு யாரிடம் இருக்கிறது? அவ்வளவும் அவள் பெட்டியில்தானே போனது? நான் எதுவும் சொல்லாமல், புதரில் இருக்கும் கயிற்றைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அங்கே விடிந்ததும் அனுப்பினாள். ஒரு முனை பிய்ந்துபோயிருந்தது. குருவியையும் காணோமாம். விமானத்தில் ஏறினாலே ஒரு நாள் பிடிக்கிற தூரம் அது. விஷயத்தைச் சொன்னதும், "அந்தக் குருவியாவது வந்து சேந்துச்சே" என்றாள். அந்த நூலை வீட்டில் குங்குமச் சிமிழுக்குள் வைத்திருக்கிறேன். வழி தப்பிய குருவி ஒரே ராத்திரியில் வந்துவிட்டது. வழி தெரிந்தவள் இன்னும் வரவில்லை. பங்குனியில் லீவு கிடைக்கும் என்கிறாள். பங்குனியில்தான் குருவிகளெல்லாம் இங்கிருந்து கிளம்பிவிடும்.

இத்தோடு முடிந்திருந்தால் எப்படியோ மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இந்த வருஷமும் புரட்டாசிச் சனிக்கிழமைக்குப் போனேன். சாயங்காலம் அதே கிளையில் ஒரு குருவி. வந்த புதிதில் இது பாடாது என்பார்கள், ஆனால் டக் டக் இல்லை, முழுப் பாட்டு. அவளும் கேட்கட்டுமே என்று போன் போட்டேன், அங்கே அப்போது மத்தியானம்.

"இங்கயும் பாடுதுங்க" என்றாள்.

"அது போன்ல கேக்குதுடி."

"இல்லங்க, ஜன்னலுக்கு வெளிய."

"நான் கட் பண்றேன். அப்புறம் கேளு."

கட் செய்தேன். என் கண்ணுக்கு முன்னால் குருவி பாடிக்கொண்டே இருந்தது. வாட்ஸப்பில் எழுதினாள்: "இன்னும் கேக்குதுங்க. வெளிய போய்ப் பாத்துட்டேன், புதர்ல ஒன்னும் இல்ல."

நான் ஓரடி முன்னால் எடுத்துவைத்தேன். குருவி பாட்டை நிறுத்திவிட்டு விருட்டென்று பறந்தது. கையில் போன் அதிர்ந்தது.

"நின்னுடுச்சுங்க. ஏன் வெரட்டுனீங்க?"