முதல் கையெழுத்து

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு வந்தவளை எல்லாரும் சின்னக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து இயந்திரத்தில் நிற்பவளுக்குப் பட்டப்பெயர் டீச்சர். வாயைத் திறந்தால் நாலு இங்கிலீஷ் வார்த்தை விழும். இருவரும் நகமும் சதையும் மாதிரி.

அந்த வருஷம் நீராவிக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. மூன்று பேருக்குக் கை வெந்துபோனது. மேலாளரிடம் சொன்னால், "பார்க்கலாம்" என்பதோடு சரி.

"மனு எழுதணும்டி," என்றாள் டீச்சர். "நீ கெட் த பால் ரோலிங்."

"அப்படின்னா?"

"பந்தை உருட்டிவிடுன்னு அர்த்தம். எந்தக் காரியத்துக்கும் எல்லாரும் நீயா நானான்னு தயங்கி நிக்கிறப்ப, ஒருத்தர் தொடங்கி வைக்கணும். அப்புறம் மத்தவங்க தானா சேர்ந்துக்குவாங்க. நீ தொடங்கு, நாங்க இருக்கோம்."

சின்னக்காவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தன் கைப்பட மனு எழுதி, முதல் கையெழுத்தும் போட்டாள். மற்றவர்கள் டீச்சர் போடட்டும் என்றார்கள். டீச்சரோ, "நான் கடைசியில போடுறேனே," என்று நழுவினாள். கையெழுத்துக்குத்தான் பயம், நேரில் தன்னோடு நிற்பார்கள் என்று நம்பி, ஒற்றைக் கையெழுத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தாள் சின்னக்கா. ஒரு நகலைத் தொழிலாளர் ஆய்வாளருக்கும் தபாலில் போட்டாள்.

மேலாளர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். "வேற யாருக்குக் குறை இருக்கு?"

மற்ற ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். சின்னக்கா டீச்சரைப் பார்த்தாள்.

"அவளாத்தான் எழுதினா சார். நான் அப்பவே வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன்."

டீச்சரின் குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. அதற்கப்புறம் மேலாளர் கத்தியது எதுவும் சின்னக்காவின் காதில் ஏறவில்லை. அன்றைக்கே அவளை ரத்தமும் சீழும் பட்ட துணிகளைப் பிரிக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

ஆறு வாரம் கழித்து ஆய்வாளர் வந்தார். புதுக் குழாய் போட்டார்கள்.

டீச்சர் அந்த அறை வாசலில் வந்து நின்று சிரித்தாள். "பாத்தியாடி, நாம தொடங்கினது நடந்துருச்சு!"

"யாரு நாம?" என்றாள் சின்னக்கா.

அடுத்த வாரம் மேலாளரே கூப்பிட்டு, டீச்சருக்குப் பக்கத்தில் பழைய இடத்துக்கே போகலாம் என்றார்.

"இந்த நாத்தம் பழகிடுச்சு சார். இங்கேயே இருக்கேன்," என்று சொல்லிவிட்டு, சின்னக்கா அடுத்த மூட்டையை அவிழ்த்தாள்.