ஏரியை வலம் வந்த கால்

1. காரிடார்

"அக்கா, இந்தக் கால் ஆஸ்பத்திரி காரிடார்ல நல்லாதான் நடக்குது. ஆனா என் வேலை காரிடார்ல இல்லையே."

நாச்சாரத்தில் செயற்கைக்கால் செய்யும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத் தேன்மொழி முதல் முறை வந்தபோது சொன்னது இது. லாரி மோதியதில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள். வேறு இடத்தில் செய்த செயற்கைக்காலைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சமதளத்தில் அவள் நடையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை. இமாசலத்தில், மரங்கள் முளைக்காத உயரத்தில் இருக்கும் ஓர் ஏரியின் தண்ணீரைப் பரிசோதிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கோடையில் பனி உருகியதும் ஏரியைச் சுற்றி நடந்து, குறித்து வைத்த இடங்களில் தண்ணீரும் சேறும் எடுத்து வரவேண்டும். விபத்தால் ஒரு கோடை போய்விட்டது. அடுத்ததும் போய்விடும் போலிருந்தது.

"எங்க ஹெட் என்ன சொல்றார் தெரியுமா? நீ லேப்ல உக்காந்து டேட்டாவைப் பாரும்மா, ஏரிக்கு வேற ஆள் போகட்டும்கறார். அன்பாத்தான் சொல்றார். அதான் சண்டையும் போட முடியல."

போனில் ஏரியின் படத்தைக் காட்டினாள். ஏரியைச் சுற்ற இரண்டு பாதைகள். தண்ணீரை ஒட்டியே போவது கரைப் பாதை. வழியெல்லாம் உருண்டு கிடக்கும் பாறைகள். ஆடு மேய்ப்பவர்கள் போட்ட மேல் பாதை சரிவின் குறுக்கே போகிறது; அதிலும் இடையில் ஒரு பாறைப் பகுதி உண்டு. இரண்டும் ஏரியின் மறுகோடியில் ஓர் ஓடையிடம் சேர்கின்றன. மத்தியானத்துக்கு மேல் பனி உருகி அந்த ஓடையில் தண்ணீர் ஏறிவிடுமாம்.

புதுக் கால் செய்தோம். பிளாஸ்டர் மோல்ட் எடுப்பதில் யாகூப் பாய்க்கு நிகராக எங்கள் ஒர்க்‌ஷாப்பில் யாரும் கிடையாது. அவர் அளவெடுத்தார், பாதம் எந்தக் கோணத்தில் நிற்கவேண்டும் என்று நான் அலைன்மென்ட் பார்த்தேன். பிறகு மௌலாலி குன்றின் படிகளில் ஏறி இறங்கிப் பழகினாள். மழைக்காலம் முடிந்து, குளிர்காலம் முடிந்து, வெயில் காலம் வந்தும் விடவில்லை. ஒரு நாள் படியில் விழுந்து உள்ளங்கை கிழிந்தது. மறுநாளும் வந்தாள்.

படியும் மலைப்பாதையும் ஒன்றல்ல. அந்தத் தரையை நான் பார்த்தாக வேண்டும் என்று கிளம்பினேன். யாகூப் பாய்க்கு அது பிடிக்கவில்லை.

"நக்கோ மேடம், போக வேணாம். அவங்களுக்கு ஒரு கால்தான் போச்சு. உங்களுக்கு ரெண்டு முட்டியும் போச்சு!"

2. போகும்போது வலி, வரும்போது இல்லை

தோர்ஜே என்ற உள்ளூர் வழிகாட்டி எங்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். தேன்மொழியைப் பல வருடமாக அறிந்தவர். அவளுடைய காலைப் பார்த்தார். பாதையில் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார்.

கூடாரம் போட்ட மறுநாள் காலையில் மேல் பாதையில் கிளம்பினோம். ஏரி வலப்பக்கம், மலை இடப்பக்கம். முதல் இடத்தில் தண்ணீர் எடுத்தாகிவிட்டது. இரண்டாவது இடத்துக்குப் போகும் வழியில் தேன்மொழியின் பேச்சு நின்றது. அவள் பேச்சு நின்றால் வலி என்று எனக்குத் தெரியும்.

உட்காரவைத்து, மீதிக்கால் உள்ளே பொருந்தும் கிண்ணமான சாக்கெட்டைக் கழற்றினேன். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் எலும்பு முனையில் தோல் சிவந்திருந்தது. சாக்ஸ் ஒன்று கூடுதலாகப் போட்டுப் பார்த்தோம். கொஞ்ச தூரத்தில் சிவப்பு இன்னும் அடர்த்தியானது. தோல் கிழிந்துவிட்டால் பல நாளைக்குக் கால் போட முடியாது. திரும்பலாம் என்று நான்தான் சொன்னேன்.

"இன்னும் பாதிகூட வரலையேக்கா."

"தோல் போச்சுன்னா பாதியும் கிடையாது."

அவள் எழுந்தாள். வந்த வழியே திரும்பினோம். வலி கூடும், பாதி வழியில் தோர்ஜே அவளைச் சுமக்க நேரும் என்று நினைத்திருந்தேன். ஆனால் சிறிது நேரத்தில் அவள் மறுபடி பேச ஆரம்பித்தாள். கூடாரத்துக்கு வந்து பார்த்தபோது சிவப்பு தணிந்திருந்தது.

போகும்போது நோகிற பாதை வரும்போது ஏன் நோகவில்லை? டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஏரியைச் சுற்றும் பாதையில் மலை எப்போதும் ஒரே பக்கம் இருக்கிறது. போகும்போது இடப்பக்கத் தரை உயரம். நம் கணுக்கால் அந்தச் சாய்வுக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ளும். அவளுடைய இடது பாதம் திரும்பாது. வெளி விளிம்பு மட்டும் தரையில் இடித்து, அந்த இடி முழுவதும் சாக்கெட் வழியாக எலும்பு முனைக்குப் போகிறது. திரும்பி வரும்போது அந்தக் கால் தாழ்ந்த பக்கத்துக்கு வந்துவிடுகிறது, வெளி விளிம்பில் இடி விழுவதில்லை.

அப்படியானால் தீர்வு சுலபம் என்று நினைத்தேன்.

"நாளைக்கு எதிர்ப்பக்கமா சுத்திடலாம்."

தோர்ஜே அடுப்பைப் பார்த்துக்கொண்டு இந்தியில் மெதுவாகச் சொன்னார். "முடியாம பாதியில திரும்புறது தப்பில்ல மேடம். ஆனா கிளம்பும்போதே இந்த ஏரியை யாரும் இடமா சுத்துறதில்ல, வலமாத்தான். எங்க ஊருக்கு இது தெய்வம். நீங்க சுத்தினா நான் தடுக்கமாட்டேன். கூட வரமாட்டேன்."

"அவர் வராட்டா என்ன, நாம ரெண்டு பேரும்..." என்று நான் தமிழில் ஆரம்பித்தேன்.

"இல்லக்கா." தேன்மொழி குரலை உயர்த்தவில்லை. "இவங்க ஏரி. இவங்க விட்டதாலதான் நான் இத்தனை வருஷமா தண்ணி எடுக்கறேன். எனக்குக் கால் போச்சுங்கறதுக்காக இவங்க வழக்கத்தை மாத்தச் சொல்லமாட்டேன். காலை மாத்துங்க."

3. நெயில் பாலிஷ்

காலை மாற்ற முடியும். சாக்கெட்டுக்குக் கீழே வரும் பைலான் குழாய் பாதத்தோடு சேரும் இடத்தில் நான்கு சின்ன ஸ்க்ரூ உண்டு. எல்-கீயால் ஒன்றைத் தளர்த்தி எதிரில் இருப்பதை இறுக்கினால் பாதம் சாயும். வெளி விளிம்பு சற்று உயரும்படி சாய்த்தேன். கூடாரத்துக்குப் பின்னால் இருந்த சரிவில் நடக்கச் சொன்னேன். பாதம் தரையில் முழுசாகப் படிந்தது. அவள் முகத்திலேயே தெரிந்தது.

ஆனால் அதே கால் சமதளத்தில் கோணலாக நின்றது. சரிவு முடிந்து பாறைப் பகுதி வந்தால் பழையபடி மாற்றவேண்டும். மீண்டும் சரிவு வந்தால் மீண்டும் மாற்றவேண்டும். சுற்று முழுவதும் நான் கூடவே நடக்கவேண்டும் என்று அர்த்தம்.

அன்று இரவு எனக்குத் தலைவலி தொடங்கியது. விடிந்தபோது வாந்தி. தோர்ஜே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மேடம் இன்னிக்கு நடக்கக் கூடாது. நாளைக்கும் இப்படியே இருந்தா கீழ இறங்கணும்" என்றார். உயரம் என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

தேன்மொழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கீயை என்கிட்ட கொடுங்க."

எங்கள் தொழிலில் எல்-கீ பேஷன்ட் கைக்குப் போகாது. ஸ்க்ரூ சரியாக இறுகாவிட்டால் நடக்கும்போதே பாதம் கழன்றுவிடும். பாறைமேல் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதையெல்லாம் சொன்னேன்.

"சரி, எப்படி இறுக்கணும்னு சொல்லுங்க."

அன்று பகல் முழுவதும் அதுதான் வேலை. நான் படுத்தபடி சொன்னேன், அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு கழற்றினாள், மாட்டினாள். குளிரில் விரல் மரத்துவிட்டது. கையுறையோடு முடியவில்லை, கழற்றிவிட்டாள். ஸ்க்ரூ எவ்வளவு திரும்பவேண்டும் என்பதற்கு அவளுடைய நெயில் பாலிஷால் இரண்டு கோடுகள் போட்டோம். ஒன்று சமதளத்துக்கு, ஒன்று சரிவுக்கு. கடைசியில் நான் பாதத்தைப் பிடித்து முழு பலத்தோடு திருகிப் பார்த்தேன். அசையவில்லை.

4. எதிர்க்கரை

மறுநாள் தலைவலி குறைந்திருந்தது. ஆனாலும் எழுந்து நடக்கும் தெம்பு வரவில்லை. கூடாரத்து வாசலில் போர்வையோடு உட்கார்ந்தேன். தேன்மொழியின் சிவப்பு ஜாக்கெட் மேல் பாதையில் சின்னதாகிக்கொண்டே போனது.

பாறைப் பகுதிக்கு முன்னால் அவள் உட்கார்ந்தாள். மாற்றுகிறாள். எழுந்தாள். பாறை தாண்டியதும் மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை எழவே இல்லை. தோர்ஜே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஸ்க்ரூ கீழே விழுந்துவிட்டதா, மரை தேய்ந்துவிட்டதா, தோல் கிழிந்துவிட்டதா என்று எனக்குள் ஒவ்வொன்றாக ஓடியது. கத்தினால் கேட்காத தூரம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓடையில் தண்ணீர் ஏறும் நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

சிவப்பு ஜாக்கெட் எழுந்து நின்றது. காலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பார்த்தது. நடந்தது.

ஓடையை அவர்கள் தாண்டியதைப் பார்த்தபிறகுதான் நான் தண்ணீர் குடித்தேன்.

மாலையில் கரைப் பாதை வழியாக வந்து சேர்ந்தாள். முதுகுப்பையில் எல்லா பாட்டில்களும் நிரம்பியிருந்தன. என் எதிரே பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அங்க ஏன் அவ்வளவு நேரம் உக்காந்திருந்தே?"

"கோடு வரைக்கும் திருப்பினேன்க்கா. அந்த இடத்துல சாய்வு ஜாஸ்தி, பத்தல. நடந்து பாத்தேன், இடிச்சுது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். நாலு தடவை மாத்தினேன்."

அந்தக் கோணம் நான் சொல்லிக்கொடுத்ததல்ல. கழற்றிப் பார்த்தேன். எலும்பு முனையில் லேசான சிவப்பு மட்டும்.

ஊருக்குத் திரும்பியதும் பாட்டில்களை அவளே ஹெட்டின் மேஜைக்குக் கொண்டுபோனாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அடுத்த வருஷத்துக்கு எத்தனை பாட்டில் வேணும்னு கேட்டார்" என்றாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கால் செய்யும் முன் அவர்கள் நடக்கும் தரை எது என்று கேளுங்கள். முடிந்தால் போய்ப் பாருங்கள். செய்துகொடுத்த பிறகு அந்தக் கால் உங்களுடையதல்ல. புரிந்து செய்யக்கூடியவர் என்று தெரிந்தால் கீயையும் கொடுத்துவிடுங்கள். யாகூப் பாய் இன்றும் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. "ஒருத்தர் விழுந்தா யாரு ஜவாப் மேடம்?" என்பார். நியாயமான கேள்வி. அதனால் நான் சும்மா கொடுப்பதில்லை. என் முன்னால் உட்கார்ந்து கழற்றி, மாட்டி, இறுக்கச் சொல்வேன். இறுக்கி முடித்து, தானே எழுந்து நின்று எடையை அந்தக் கால்மேல் போடும்வரை நான் கை நீட்டுவதில்லை.